கம்பு சுழற்றுவதும் களத்தில் முடிவெடுப்பதும்

சேலம், நாமக்கல் சமவெளியில் சிலம்பம் புத்துயிர் பெற்றுவிட்டது என்பதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஓமலூர், ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்திவேலூர் என்று எந்த ஊருக்குப் போனாலும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பள்ளி மைதானத்திலோ கோயில் திடலிலோ கல்யாண மண்டபத்துப் பின்புறக் காலியிடத்திலோ, ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் நெற்றியளவு பிரம்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று காலடி பழகுவதைக் காணலாம். மாரியம்மன் பண்டிகையில் சுவாமிக்கு முன்னால் ஆடிவரும் நாலைந்து பெரியவர்களோடு முடிந்துபோய்விடுமோ என்று ஒரு தலைமுறைக்கு முன் நாம் அஞ்சிய வித்தை, அரசாங்க வேலைக்கான மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம்பெற்று, முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சேர்ந்து, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக அகில பாரதத்தின் பார்வைக்கும் வந்துவிட்டது. இதற்காக மழையிலும் வெயிலிலும், பெரும்பாலும் சம்பளம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல், பிள்ளைகளுக்குக் கம்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசான்மார்களுக்கு இந்தச் சமவெளி கடன்பட்டிருக்கிறது. அந்த நன்றியுணர்ச்சியோடுதான் இனிச் சொல்லப்போகும் குறையையும் சொல்கிறேன்.

சிலம்பத்தின் உயிர் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை நாம் மெல்லக் கைவிட்டு வருகிறோம். பிள்ளைகள் கம்பு சுழற்றுகிறார்கள். ஒற்றைக்கம்பு, இரட்டைக்கம்பு, சுருள்வாள், மான்கொம்பு, தீப்பந்தம் என்று பார்ப்போர் வியக்கும்படி வீசுகிறார்கள். மணிக்கணக்காகச் சுழற்றி, கண்ணைக் கட்டிக்கொண்டு சுழற்றி, பானைமேல் ஏறி நின்று சுழற்றி, ‘உலக சாதனை’ என்று அச்சிட்ட சான்றிதழும் பதக்கமும் வாங்கி, மறுநாள் பத்திரிகையில் படமும் போட்டுக்கொள்கிறார்கள். அந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தோளும் மணிக்கட்டும் மூச்சும் அதனால் ஸ்திரப்படுகின்றன என்பதும் உண்மை. ஆனால் எதிரே ஓர் ஆள் கம்போடு நிற்காதபோது, எவ்வளவு நேரம் சுழற்றினாலும், அந்தப் பிள்ளை ஒரே ஒரு தடவைகூடத் தானாக ஒரு தீர்மானம் செய்ய வேண்டிய அவசியம் நேருவதில்லை. அடுத்த வீச்சு எது என்பது முன்னமே வகுக்கப்பட்டது. கால் எங்கே விழ வேண்டும் என்பது ஆசான் சொல்லியது. முடியும் நேரம் கடிகாரம் சொல்லியது. சிலம்பத்திலிருந்து எதிராளியை எடுத்துவிட்டால் எஞ்சுவது அழகான தேகாப்பியாசம். அது நல்லதுதான், ஆயினும் நம் முன்னோர் இதைப் போர்க்கலை என்று போற்றியது அந்த ஒரு குணத்துக்காக மட்டும் இருக்க முடியாது.

எதிராளி வந்து நின்றதும் எல்லாம் மாறிவிடுகிறது. பழைய பந்தயங்களின் முறைகளை நினைத்துப் பார்த்தாலே இது விளங்கும். எதிராளியின் கையிலிருந்து கம்பைத் தட்டிப் பறித்தால் வெற்றி என்பது ஒரு வகை. கம்பின் நுனியில் குங்குமமோ நிறப்பொடியோ தடவிக்கொண்டு இறங்கி, யார் மேனியில் எத்தனை தடம் பதிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து முடிவு சொல்வது இன்னொரு வகை. மூன்றாவது வகை எனக்கு மிகவும் பிடித்தமானது: ஆடுகிறவன் தன் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு பண முடிப்பை வைத்துக்கொண்டு நிற்க, எதிராளி அதைக் கம்பால் தட்டி வெளியே தள்ள முயல்வான். முடிப்பைக் காக்க வேண்டுமென்றால் அந்த இடத்தை விட்டு விலக முடியாது. விலகாமலே நின்றால் அடி மேலே விழும். மேலே தடுத்தால் கீழே முடிப்பு போகும். கீழே தடுத்தால் தோள் திறந்து கிடக்கும். எதைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று ஒவ்வொரு கணமும் மனம் தேர்ந்தாக வேண்டும்; ஒன்றை இழக்கத் துணியாதவன் இரண்டையும் இழப்பான். ஒரு குடும்பத்தையோ ஒரு சங்கத்தையோ ஒரு தேசத்தையோ நடத்துகிறவனுக்கு வந்து சேரும் தீர்மானங்கள் யாவும், ஆழ்ந்து பார்த்தால், அந்தப் பண முடிப்பைச் சுற்றி நடக்கும் ஆட்டத்தின் ஜாதியைச் சேர்ந்தவையே.

இந்த விஷயத்தைக் கீழ்த்திசை நாடுகளின் வித்தைக்காரர்கள் மிகுந்த சிரத்தையோடு ஆராய்ந்திருக்கிறார்கள். ஜப்பானிய வாள்வித்தையில், கற்பவன் மனத்திலிருந்து விரட்ட வேண்டிய நான்கு நோய்கள் என்று திடுக்கிடுதல், அஞ்சுதல், ஐயுறுதல், தயங்குதல் ஆகியவற்றைச் சொல்வார்கள். இவற்றுள் முதல் இரண்டும் பழக்கத்தால் தணியக்கூடியவை. மூன்றாவதும் நான்காவதுமே கடினமானவை. ஏனெனில் அவை அறிவின் வேஷம் போட்டுக்கொண்டு வருகின்றன. இன்னும் கொஞ்சம் யோசித்தால் என்ன என்று அவை நம் காதில் சொல்லும்போது அது விவேகத்தின் குரல்போலவே கேட்கிறது. மேல்நாட்டுச் சாஸ்திரம் இதை வேறு விதமாக அளந்து காட்டிற்று. கண்ணால் ஒன்றைக் கண்டு கையை அசைப்பதற்கு மனிதனுக்கு ஏறக்குறைய ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கிறது. ஆனால் செய்யக்கூடிய காரியங்களின் எண்ணிக்கை கூடக்கூட, எதைச் செய்வது என்று தேர்வதற்கு ஆகும் காலமும் கூடிக்கொண்டே போகிறது என்று ஹிக் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1952-இல் சோதனைகளால் நிறுவினார். நூறு வீச்சுத் தெரிந்தவன் பத்து வீச்சுத் தெரிந்தவனிடம் சில சமயம் ஏன் அடி வாங்குகிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் சொல்ல முடியாது. ஆகையால்தான் நல்ல ஆசான், காலடியை மாதக்கணக்காகப் பழக்கி, இந்தத் தூரத்தில் இன்ன அடி வந்தால் இன்ன சுவடு என்று உடம்பிலேயே எழுதிவிட்டு, மனம் தேர வேண்டியவை இரண்டோ மூன்றோ மட்டும் மிஞ்சும்படி செய்கிறார். துணிவு என்று நாம் வெளியே காண்பது பெரும்பாலும் இப்படி உள்ளே முன்கூட்டியே முடித்துவைத்த வேலையின் பயன்.

வள்ளுவரின் பொருட்பாலிலும் இந்த முறைவைப்பைக் காணலாம். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்து, எண்ணுவதையும் அளப்பதையும் காத்திருப்பதையும் இடம் பார்ப்பதையும் சொல்லித் தீர்த்து, வினைத்திட்பத்தை அவர் வெகு பின்னால்தான் எடுத்துக்கொள்கிறார். அவசரத்தைத் தீர்மானம் என்று எண்ணி மயங்குகிறவர்கள் இந்த வரிசையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதே சமயம், எண்ணிக்கொண்டே இருப்பதைத் தம் வாழ்நாள் உத்தியோகமாக்கிக்கொண்டவர்கள், அந்த வரிசையின் முடிவில் வினை என்ற ஒன்று நிற்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ராசிபுரம் பக்கத்தில் ஒரு திடலில் மாலை வேளையில் நான் கண்ட ஒரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. சுண்ணாம்பால் கிழித்த வட்டத்துக்குள் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தையும், அவளைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு பையனும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு எதிரெதிராக நின்றார்கள். வட்டத்துக்கு வெளியே பையனுடைய தகப்பனார் ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்: “இறங்குடா! இறங்கி அடிடா! பின்னால வா, பின்னால வா! இப்ப குத்து!” பையன் கெட்டிக்காரன், வீச்சில் அவளைவிட நல்ல தேர்ச்சி உடையவன், ஆனால் ஒவ்வொரு குரலுக்கும் அவன் கண் ஒரு கணம் வட்டத்துக்கு வெளியே போய்த் திரும்பிற்று. அந்தக் கணத்தில்தான் அவள் கம்பு அவன் முழங்காலைத் தொட்டது. மறுபடியும் தொட்டது. அவளுக்காக வந்திருந்த பாட்டி மடியில் ஒரு தூக்குப்போசியை வைத்துக்கொண்டு வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் தகப்பனார் மகனைக் கடிந்துகொள்ள எழுந்தபோது, ஆசான் நடுவே வந்து, மரியாதை சற்றும் குறையாமல், “அண்ணா, உள்ள நிக்கறது அவனுங்க. நீங்க பேசுனா அவன் எப்பங்க யோசிப்பான்?” என்றார். அந்தப் பிள்ளையின் தோல்விக்கு இதைவிட நேர்மையான காரணத்தை யாரும் சொல்லியிருக்க முடியாது. தகப்பனாரும் அதைக் கேட்டுத் தலையசைத்துக்கொண்டார் என்பதையும் அவர் பொருட்டுச் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தகப்பனார் ஒருவரைக் குறை கூறி என்ன பயன்? நம் சமவெளியின் கல்வி முறையே வட்டத்துக்கு வெளியே நின்று சத்தம் போடுகிற முறையாகத்தான் வளர்ந்திருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் பிள்ளைகளைத் தயார் செய்வதில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் தமிழ்நாடு முழுவதும் பெயர் பெற்றவை. தென்கோடி ஜில்லாக்களிலிருந்தெல்லாம் பெற்றோர் பெட்டியோடு வந்து பிள்ளைகளை விட்டுச் செல்கிறார்கள். விடியுமுன் எழுப்பும் மணியிலிருந்து இரவு விளக்கணைக்கும் மணிவரை அந்தப் பிள்ளைக்கு எப்போது எதைப் படிப்பது, எப்போது எதை எழுதிப் பார்ப்பது, எப்போது வீட்டோடு தொலைபேசியில் பேசுவது என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானித்துவிடுகிறார்கள். இதனால் மதிப்பெண் வருகிறது; ஏழைக் குடும்பங்கள் பல முன்னேறியும் இருக்கின்றன; இதை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். ஆனால் பதினெட்டு வயது நிறைந்து வெளியே வரும் பிள்ளை, தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு காரியத்தைத் தானே முடிவு செய்ய வேண்டி வரும்போது, கை நடுங்கி நிற்பதைப் பார்த்து நாமே வருந்துகிறோம்.

இத்தனைக்கும் இந்த மண், தீர்மானம் செய்யத் தெரிந்த மனிதர்களால் செழித்த மண். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் பாரததேசம் எங்கும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். எண்ணூறு அடிவரை புழுதியே வந்துகொண்டிருக்கும் ஒரு துளையின் பக்கத்தில், கடன் வாங்கிய காசோடு நிற்கும் குடியானவர் முகத்தைப் பார்த்தபடி, இன்னும் ஒரு ராடு இறக்குவதா, இதோடு நிறுத்திவிடுவதா என்று அங்கேயே சொல்லியாக வேண்டிய பொறுப்பு அந்த வண்டிக்காரர் மேல் விழுகிறது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரருக்கும், லாரி வைத்திருப்பவருக்கும் அப்படியே. அவர்களுக்கு அந்தப் பழக்கத்தை எந்தப் பள்ளிக்கூடமும் கொடுக்கவில்லை. சிறு வயதிலேயே பொறுப்பு தலையில் விழுந்ததால் வந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கோ அந்தப் பொறுப்பை நாம் அன்பின் காரணமாகத் தள்ளிக்கொண்டே போகிறோம். ஆகையால் அவர்களுக்கு மைதானத்து வட்டம் இன்னும் அவசியமாகிவிட்டது.

கம்பிலிருந்து தலைமை பிறக்கும் என்பதற்குக் கொங்கு நாடு கண்ட பெரிய உதாரணம் தீரன் சின்னமலை. 1756-இல் காங்கேயத்துக்கு அருகில் மேலப்பாளையத்தில் தீர்த்தகிரி என்ற பெயரோடு பிறந்த அவர், இளமையிலேயே சிலம்பமும் வில்லும் குதிரையேற்றமும் பயின்றவர் என்று நாட்டார் மரபு சொல்கிறது. மைசூர் ஆட்சிக்காகக் கொங்கு நாட்டில் வசூலித்த வரிப்பணம் சங்ககிரி வழியாகப் போய்க்கொண்டிருந்தபோது அதை வழிமறித்துப் பறித்து ஏழை எளியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே உள்ள சின்னமலை எடுத்துக்கொண்டதாகப் போய்ச் சொல்லும்படி அதிகாரிகளை அனுப்பிவைத்தார் என்ற கதை இந்த வட்டாரத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். மேடைகளில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு கட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். என் மனத்தைக் கவர்வது அதற்குப் பின் நடந்தவையே.

எந்த மைசூரின் பணத்தைப் பறித்தாரோ அந்த மைசூரோடு அவர் பின்னர் கைகோத்தார். கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சி கொங்கின் வாசலுக்கு வந்துவிட்டதைக் கண்டதும், பழைய பகையைக் காட்டிலும் வரப்போகும் ஆபத்து பெரிது என்று தேர்ந்து, திப்பு சுல்தானுக்குத் துணையாகக் கொங்குப் படையை நடத்திச் சென்றார். மழவல்லியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அந்தப் படை நின்றதாக மரபு. நேற்று வரை ஒரு திசையில் நின்ற தலைவன் இன்று வேறு திசையில் காலெடுத்து வைக்கும்போது, தன் ஆட்களே தன்னைச் சந்தேகிப்பார்கள் என்று அறிந்தும் அவ்வாறு செய்வது, வரிப்பணத்தைப் பறிப்பதைவிடப் பன்மடங்கு கடினம். 1799 மே 4-ஆம் நாள் திப்பு வீழ்ந்த பின், அவர் ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு தனித்து நின்றார். 1801-இல் காவிரிக்கரையிலும், 1802-இல் ஓடாநிலையிலும், 1804-இல் அரச்சலூரிலும் அவர் கும்பினியாரை எதிர்த்து வென்றார் என்று கொங்கு நாடு நினைவில் வைத்திருக்கிறது.

எனினும் எல்லாவற்றிலும் சிறந்ததாக நான் கருதுவது, அவர் ஓடாநிலைக் கோட்டையை விட்டு நீங்கிய செய்கையை. கும்பினிப் படை பீரங்கிகளோடு வந்து சூழ்ந்தபோது கோட்டை வெறுமையாகக் கிடந்தது. உள்ளே இருந்தவர்கள் முன்பே புறப்பட்டுப் பழனிமலைப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த பொல்லான், கும்பினிப் பாளையத்திலிருந்து செருப்புக்குள் மறைத்து அனுப்பிய செய்திகளால்தான் சின்னமலை இத்தகைய ஆபத்துகளை முன்னரே அறிந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தான் கல் அடுக்கிக் கட்டிய கோட்டையைத் தன் கையாலேயே துறக்க எத்தனை பெரிய மனவுறுதி வேண்டும்! மானம் என்ற பெயரால் அங்கேயே நின்று மடிந்திருந்தால் புலவர்கள் பாடியிருப்பார்கள். ஆனால் அவரை நம்பி வந்த ஆட்களும் மடிந்திருப்பார்கள். பின்னே வைக்கும் சுவடும் ஒரு சுவடுதான் என்பதைக் கம்பு பழகியவன் அறிவான். அத்தோடு, ஒரு தலைவனின் முடிவு எத்தனை சீக்கிரமாக வந்தாலும், அதற்கு ஆதாரமான செய்தியை உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவருகிற ஒருவரை அவன் நம்புவதும், அப்படி ஒருவர் தன்னை நம்பும்படி நடந்துகொள்வதும், அந்த முடிவுக்கு வெகு காலம் முன்பே நிகழ்ந்திருக்க வேண்டும். சின்னமலையை ஒரு ஜாதியின் சொத்தாக்கிக் கொடி கட்டுகிறவர்கள் பொல்லானை ஒரு கணம் நினைத்துப் பார்த்தால், தாங்கள் அந்தத் தலைவனின் பெருமையைக் குறைத்துக்கொண்டிருப்பது விளங்கும்.

காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்ட அவரை 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஆடிப்பெருக்கையொட்டி ஆண்டுதோறும் ஜனங்கள் அந்த மலைக்கு வந்து மாலையிட்டு வணங்குகிறார்கள்.

கையில் கம்போ கத்தியோ எடுக்காத ஒரு மனிதரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏனெனில் தீர்மானத்தின் இலக்கணம் ஆயுதத்தைச் சார்ந்ததன்று. 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்த ராஜாஜி, 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, கள்ளும் சாராயமும் ஏழைக் குடியானவன் வீட்டை எப்படி அழிக்கின்றன என்பதை நாள்தோறும் கண்ணால் கண்டார். மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தினார். கல்கி அங்கே வந்து அவருக்குத் துணையாக இருந்தார். 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானபோது, பதவியேற்ற சில மாதங்களுக்குள், அக்டோபர் முதல் தேதி அன்று, இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார். சர்க்காருக்கு வரும்படி போய்விடும் என்று எச்சரித்தவர்கள் பலர். அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியை விதித்தார். மதுவிலக்குக் கொள்கை பின்னாளில் அடைந்த கதி வேறு விவாதம். அவர் எடுத்த முடிவின் அமைப்பை மட்டும் பாருங்கள்: பல ஆண்டுகள் காலடி பழகியிருக்கிறார், மாகாணம் முழுவதையும் ஒரே மூச்சில் பிடிக்காமல், தாம் மூலைமுடுக்கெல்லாம் அறிந்த ஒரே ஜில்லாவைத் தேர்ந்திருக்கிறார், எதை இழப்போம் என்று கணக்குப் பார்த்து இழக்கத் துணிந்திருக்கிறார், அதன் பிறகு ஒரு நாளைக் குறித்து, அந்த நாளில் செய்து முடித்திருக்கிறார். புதுப்பாளையத்தில் பழகிய அந்தக் காலடி இல்லாதிருந்தால், அக்டோபரில் அவர் காட்டிய வேகம் வெறும் அவசரமாகவே முடிந்திருக்கும்.

இனி, பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி ஆடவிடும் மோதுபோட்டிக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களைப் பார்ப்போம். அடிபட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் இயற்கையானது, இகழத்தக்கதன்று. கம்பு நெற்றிப்பொட்டிலோ கண்ணிலோ பட்டால் விபரீதம் விளையும். ஆனால் தலைக்கவசம், மார்புக்கவசம், முழங்கால் காப்பு, வயதுக்கும் எடைக்கும் ஏற்ற எதிராளி, தேர்ந்த நடுவர், தலையில் அடித்தால் உடனே வெளியேற்றம் என்ற விதி ஆகிய இத்தனையும் அமைத்துக்கொண்ட பின், எஞ்சுகிற ஆபத்து மிதிவண்டியில் நெடுஞ்சாலையைக் கடந்து பள்ளிக்குப் போவதில் உள்ள ஆபத்தைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் ஆண்டில் மெதுவேகத்தில் மட்டும் ஆடவிடலாம். ஒருவர் தாக்க, மற்றவர் தடுக்க மட்டும் என்று வைக்கலாம். தொடுவதற்கு மட்டும் புள்ளி, ஓங்கி அடிப்பதற்குத் தண்டம் என்று வைக்கலாம். பழைய ஆசான்மார்களும் இப்படிப் படிப்படியாகத்தான் பிள்ளைகளைக் களத்தில் இறக்கினார்கள்.

எதிரெதிரே நின்று அடிக்கப் பழகிய பிள்ளைகள் முரடர்களாகிவிடுவார்கள், தெருச்சண்டைக்குப் போவார்கள் என்பது இரண்டாவது ஆட்சேபம். என் அனுபவத்தில் கண்டது இதற்கு நேர்மாறு. அடி எப்படி வலிக்கும் என்று தெரிந்தவன் அடிக்கக் கூசுகிறான். வீச்சை ஓங்கிய பின்னும் எதிராளி தடுமாறி விழப்போவதைக் கண்டு கம்பை நிறுத்துகிற பிள்ளையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அடிப்பதற்கு வேண்டிய மனவேகமே அடியை நிறுத்துவதற்கும் வேண்டும் என்பதை அவர்கள் முகத்தில் கண்டிருக்கிறேன். தெருவில் சண்டைக்குப் போகிற இளைஞனை உற்றுப் பாருங்கள். அவன் பெரும்பாலும் தானாக எதையும் தீர்மானித்தவன் அல்லன். கூட இருந்தவர்கள் கத்தியதால் போனவன்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் சிலம்ப வகுப்புகளில் திரளாகச் சேர்ந்திருப்பது இந்தக் காலத்தின் நற்பேறுகளுள் ஒன்று. ஆனால் விழா மேடையில் அலங்கார வீச்சுக்கு அவர்களை முன்வரிசையில் நிறுத்துகிற நாம், கம்புச்சண்டை என்று வரும்போது ‘வேண்டாம், முகத்தில் தழும்பு வந்தால் நாளைக்குக் கல்யாணம் எப்படி ஆகும்’ என்று பின்வாங்குகிறோம். படிப்பு எது, உத்தியோகம் எது, வாழ்க்கைத் துணை யார் என்று எல்லாக் காரியத்திலும் அடுத்தவர் முடிவுக்குக் காத்திருக்கும்படி வளர்க்கப்படுகிற பிள்ளைக்கு, தன் கண்ணால் பார்த்துத் தன் காலால் நகர்ந்து தன் கையால் முடித்துவைக்கும் இரண்டு நிமிஷம் எத்தனை அவசியம் என்பதைப் பெற்றவர்கள் சிந்திக்க வேண்டும்.

ஆகவே சில காரியங்களைக் கேட்கிறேன். எவையும் செய்ய முடியாதவை அல்ல. வேலைவாய்ப்புக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் சிலம்பச் சான்றிதழைப் பரிசீலிக்கும் அதிகாரிகள், மணிக்கணக்கில் சுழற்றியதற்கான தனியார் ‘சாதனை’ப் பத்திரங்களை ஒதுக்கிவிட்டு, முறையான போட்டியில் எதிராளியோடு நின்று ஆடியதற்கு முதலிடம் தரட்டும்; சான்றிதழின் மதிப்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ பயிற்சியும் அந்தப் பக்கமே சாயும். ஜில்லா விளையாட்டு அதிகாரிகள் நடுவர்களைப் பயிற்றுவிப்பதற்கென்று சேலத்திலும் நாமக்கல்லிலும் ஆண்டுக்கொரு முகாம் நடத்தட்டும். நல்ல நடுவர் இல்லாததனாலேயே பல ஆசான்மார்கள் கம்புச்சண்டையைத் தவிர்க்கிறார்கள். வட்டத்துக்கு வெளியேயிருந்து குரல் கொடுத்தால் அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு புள்ளி குறையும் என்ற விதியை உள்ளூர்ப் போட்டிகளிலேனும் உடனே கொண்டுவரலாம். பெற்றோர் இரண்டே போட்டியில் மௌனம் பழகிவிடுவார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிக் கால் மணி நேரத்தை ஆசான் தம் வாயை மூடிக்கொண்டு பிள்ளைகளை ஆடவிடுவதற்கென்று ஒதுக்கட்டும். தவறு நேர்ந்தால் ஆட்டம் முடிந்த பின், ‘நான் என்ன சொன்னேன்’ என்று தொடங்காமல், ‘நீ ஏன் அப்படிச் செய்தாய்’ என்று கேட்டு, பிள்ளை சொல்லும் காரணத்தை முழுவதும் கேட்கட்டும்.

விடுதிப் பள்ளி நடத்துகிறவர்களிடமும் ஒரு விண்ணப்பம். வாரத்தில் இரண்டு மாலை, பாட அட்டவணையிலிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்து, கம்பும் காலடியும் கற்றுத்தர உள்ளூர் ஆசான் ஒருவரை நியாயமான சம்பளத்தோடு அமர்த்திக்கொள்ளுங்கள். தேர்வு நெருங்கும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரத்தையும் திருப்பிக் கேட்கும் ஆசை உங்களுக்கு வரும், கேட்காதீர்கள். மூன்று மணி நேரத் தேர்வுக் கூடத்தில் எந்தக் கேள்வியை விடுவது, எதை முதலில் எடுப்பது என்று தேர வேண்டிய கட்டத்தில் உங்கள் பிள்ளைக்குக் கைகொடுப்பது அந்த ஒரு மணி நேரமாகவும் இருக்கக்கூடும்.

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சாதனை நிகழ்ச்சி ஒன்றுக்குப் பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று பதிவுக் கட்டணம் கட்டி, சட்டைக்கும் பதக்கத்துக்கும் விளம்பரப் பதாகைக்கும் கொடுத்து, வாடகை வண்டி பிடித்துப் போய்வருகிற செலவை ஒரே ஓர் ஆண்டு நிறுத்திவைத்தால், ஒரு வகுப்புக்கு வேண்டிய ஆறு தலைக்கவசமும் ஆறு மார்புக்கவசமும் வாங்கிவிடலாம். மாறி மாறிப் போட்டுக்கொண்டு ஆடுவதற்கு அவை தாராளமாகப் போதும்.